கிங் கிரிம்ஸனின் முதல் ஆல்பம்: யார் எதைக் கொண்டுவந்தார்கள்?

தூரத்து மழை:

வணக்கம் நண்பர்களே. இந்த மாதம் முழுக்க, பிரிட்டிஷ் ராக் குழுவான கிங் கிரிம்ஸனின் 'இன் த கோர்ட் ஆஃப் த கிரிம்ஸன் கிங்' தவிர வேறெதுவும் கேட்கவில்லை. நான் கொல்லைப்புற வழியாக வந்தவன். கான்யே வெஸ்ட்டின் 'பவர்' (2010) பாட்டில் உடைந்த ஒரு குரல் வந்து முகத்தில் அறையும். அது யாருடைய குரல் என்று தேடிக்கொண்டே போனதில் 1969இல் போய் நின்றேன்.

எனக்குப் பிடிபடாத விஷயம் இதுதான். 1969 ஜனவரி 13 அன்று லண்டன் ஃபுல்ஹாம் பகுதியில் ஒரு கஃபேயின் நிலவறையில் முதல் ஒத்திகை. ஏப்ரல் 9 அன்று லண்டனில் ஸ்பீக்ஈஸி கிளப்பில் மேடையேற்றம். ஜூலை 5 அன்று ஹைட் பார்க்கில் ரோலிங் ஸ்டோன்ஸ் கச்சேரிக்கு முன்னால் வாசிக்கிறார்கள், எதிரே லட்சக்கணக்கான கூட்டம். அக்டோபர் 10 அன்று ஆல்பமே வந்துவிட்டது. ஒன்பது மாதம்கூட முழுதாக ஆகவில்லை. பாடி, பேஸ் கிடாரும் வாசித்த கிரெக் லேக்குக்கு அப்போது 21 வயது. கிடார் ராபர்ட் ஃபிரிப், காற்றுக்கருவிகளும் கீபோர்டும் வாசித்த இயன் மெக்டொனால்ட் இருவருக்கும் 23. இவ்வளவு முழுமையான ஒன்று இவ்வளவு சீக்கிரம் எப்படி வந்தது?

"மூடி புளூஸ் பாதி, ஜாஸ் பாதி, அவ்வளவுதான்" என்கிறான் என் நண்பன். எனக்கு அந்தப் பதில் போதவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

பழைய ரெக்கார்டு:

நல்ல கேள்வி, தம்பி. உங்கள் நண்பர் சொல்வதில் ஒரு பாதி உண்மை இருக்கிறது. அதிலிருந்தே தொடங்கலாம்.

மூடி புளூஸ் குழுவிலிருந்து வந்தது மெல்லோட்ரான் என்ற கீபோர்டு, தந்தி வாத்தியங்களின் சத்தம் தருவது. அந்தக் குழுவின் மைக் பிண்டர் பர்மிங்ஹாம் அருகே மெல்லோட்ரான் தயாரித்த தொழிற்சாலையிலேயே வேலை பார்த்தவர். ராக் இசைக்குள் அந்தக் கருவியை நிலைநிறுத்தியதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. கிரிம்ஸன் தங்கள் ஆல்பத்துக்கு முதலில் தேடிப் போனதும் மூடி புளூஸின் தயாரிப்பாளரான டோனி கிளார்க்கைத்தான். அவரோடு கொஞ்ச நாள் பதிவு செய்தும் பார்த்தார்கள். சரிப்பட்டு வரவில்லை. பதிந்த அத்தனையையும் ஓரமாக வைத்துவிட்டு, வெஸெக்ஸ் ஸ்டூடியோவில் தாங்களே தயாரிப்பாளர்களாக நின்று எட்டு டிராக்கில் மறுபடி பதிந்தார்கள். முதல் ஆல்பம் போடும் பையன்கள் பெயர் வாங்கிய ஒரு தயாரிப்பாளரிடம் "வேண்டாம்" என்று சொன்னார்கள் என்பதை யோசித்துப் பாருங்கள். செலவுக்கு அவர்களுடைய நிர்வாகிகள் கடன்பட்டார்கள். கருவிகள் வாங்க மெக்டொனால்டின் உறவினர் ஒருவர் கடன் கொடுத்திருந்தார்.

மூடி புளூஸின் மெல்லோட்ரான் அன்பானது, கேட்பவரைத் தாலாட்டும். கிரிம்ஸனில் அதே கருவி கேட்பவரை மிரட்டுகிறது. 'எபிடாஃப்' பாட்டின் தொடக்கத்தில் டிம்பனி முரசு உருண்டுவர, அதன் மேலே அந்தத் தந்திகளின் சத்தம் எழும் இடத்தைக் கேளுங்கள். கருவி ஒன்றாக இருந்தால் தாக்கமும் ஒன்றாகிவிடுமா?

---

புல்லாங்குழல்:

மெல்லோட்ரான் உள்ளே எப்படி இயங்குகிறது என்று தெரிந்தால் இந்த ஆல்பம் இன்னும் பிடித்துப்போகும். ஒவ்வொரு கட்டைக்கும் கீழே ஒரு துண்டு ஒலிநாடா இருக்கும். உண்மையான வயலின்காரரோ குழல்காரரோ வாசித்த ஒரே ஒரு சுரம் அதில் பதிந்திருக்கும். கட்டையை அழுத்தினால் நாடா ஓடும். சுமார் எட்டு நொடியில் நாடா தீர்ந்துபோகும், சத்தம் நின்றுவிடும். விரலை எடுத்தால் ஸ்பிரிங் நாடாவைப் பழைய இடத்துக்கே இழுத்துக்கொள்ளும். அதனால் நீளமான சுரக்கூட்டு வேண்டுமென்றால் எட்டு நொடிக்குள் கையை எடுத்து மறுபடி அழுத்தியாக வேண்டும். ஆல்பத்தின் பெயரைத் தாங்கிய கடைசிப் பாட்டான 'கோர்ட்'டின் பல்லவியில் அந்தத் தந்திகள் அலை அலையாக வந்து மோதுவதைக் கவனியுங்கள். கருவிக்கு மூச்சு குறைவு. அந்தக் குறைக்கு ஏற்ற மாதிரி வாசித்து, குறையையே அழகாக்கிவிட்டார் மெக்டொனால்ட்.

சூடு கூடினாலோ மின்சாரம் ஏறி இறங்கினாலோ சுருதியும் ஆடும். அந்த மெல்லிய ஆட்டம்தான் எனக்குக் கண்ணில் நீர் வரவைப்பது. உயிருள்ள எதுவோ அந்தப் பெட்டிக்குள்ளே நின்று பாடுகிற மாதிரி இருக்கும்.

---

டிரம் பித்தன்:

மைக்கேல் ஜைல்ஸ் பெயரை இன்னும் யாரும் எடுக்கவில்லையே! குழுவில் மூத்தவர், 27 வயது. மற்றவர்களுக்கு முன்பே பல வருஷம் மேடை கண்டவர்.

'ட்வென்டி ஃபர்ஸ்ட் செஞ்சுரி ஸ்கிட்ஸாய்ட் மேன்' பாட்டின் நடுப்பகுதி. கிடார், சாக்ஸபோன் எல்லாம் பறந்து ஓய்ந்தபின், நான்கு பேரும் ஒன்றாகச் சேர்ந்து துண்டு துண்டாக ஓடுவார்கள். சடசடவென்று ஒரு கொத்து சுரம், சட்டென மௌனம், மறுபடி ஒரு கொத்து, மறுபடி மௌனம். சத்தம் மெதுவாகவே இருக்கும், ஆனால் வேகம் குறையாது. நான் மூன்று வருஷம் மிருதங்கம் கற்றவன். ஒரு கோர்வையில் இடம் தவறினால் என்ன ஆகும் என்று தெரியும். அந்த இடம் வரும்போதெல்லாம் என் கை தொடையில் தாளம் போட ஆரம்பித்து, இன்றைக்கும் ஒரு மௌனத்திலாவது தவறிவிடும். அந்த மௌனங்களை அவர்கள் நான்கு பேரும் ஒரே அளவாக அளந்து வைத்திருக்கிறார்கள்.

அதே மனிதர் அடுத்த பாட்டான 'ஐ டாக் டு த விண்ட்'டில் டிரம்ஸைத் தொடுகிறாரா தடவுகிறாரா என்றே தெரியாது. புல்லாங்குழலுக்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்பார். எனக்கு ஜாஸ் கேட்பது இங்கேதான். வேகத்தில் அல்ல, இந்த ஒதுங்கலில்.

---

பழைய ரெக்கார்டு:

டிரம் பித்தன் சொன்ன அந்த நடுப்பகுதிக்குத் தனிப் பெயரே உண்டு: 'மிரர்ஸ்'. அது எங்கிருந்து வந்தது என்பதில்தான் தூரத்து மழை கேட்ட கேள்விக்கான பதிலில் பெரும்பங்கு இருப்பதாக நினைக்கிறேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இயன் மெக்டொனால்ட் ராணுவத்திலிருந்து வந்தவர். பதின்வயதிலேயே பிரிட்டிஷ் ராணுவத்தின் பேண்டு வாத்தியக் குழுவில் சேர்ந்து சில வருஷம் அங்கே இருந்தார். கிளாரினெட், சாக்ஸபோன், புல்லாங்குழல் எல்லாம் அவருக்குக் கைவந்தது அங்கேதான். எந்தக் கருவிக்கு எந்தச் சுரத்தைக் கொடுப்பது, எது எதன் மேல் உட்காரும், எதைக் கீழே வைத்தால் எடுபடாமல் போகும் என்ற கணக்கையும் அங்கேதான் படித்தார். பெரிய ஜாஸ் வாத்தியக் குழுக்களுக்கு எழுதிப் பார்க்கும் ஆசை அவருக்கு இருந்தது. அப்படி முன்பே எழுதி வைத்திருந்த ஒன்றைத்தான் 'மிரர்ஸ்' பகுதிக்கு எடுத்துக் கொடுத்தார். இருபது பேர் ஊத வேண்டிய ஒன்றை நான்கு பேர் கிடார், பேஸ், சாக்ஸபோன், டிரம்ஸ் வைத்து வாசிக்கிறார்கள். அந்த இறுக்கமும் மூச்சுத் திணறலும் அதனால் வருவது.

பாட்டுக்கணக்கையும் பாருங்கள். ஐந்து பாட்டில் 'ஐ டாக் டு த விண்ட்', 'கோர்ட்' இரண்டும் மெக்டொனால்டும் பாடலாசிரியர் பீட் சின்ஃபீல்டும் மட்டுமே எழுதியவை. மீதி மூன்றில் ஐந்து பேரின் பெயரும் இருக்கும். 'ஐ டாக் டு த விண்ட்' அந்த நிலவறைக்கு முன்பே பிறந்துவிட்டது. ஃபேர்போர்ட் கன்வென்ஷன் குழுவில் பாடிய ஜூடி டைபிள் கொஞ்ச காலம் இவர்களோடு இருந்தார். அவர் குரலில் அந்தப் பாட்டின் பழைய வீட்டுப் பதிவு ஒன்று உண்டு. அதைக் கேட்டுவிட்டு ஆல்பத்தைக் கேட்டால் மெட்டு அதே மெட்டு, ஆனால் பாட்டு வேறு வீட்டுக்குக் குடிபோய்விட்டது போல இருக்கும்.

இதோடு இன்னொன்று. ஜைல்ஸ் சகோதரர்கள் இருவரும் ஃபிரிப்பும் சேர்ந்து 1968இல் ஒரு ஆல்பம் போட்டிருந்தார்கள். நகைச்சுவையும் மெல்லிசையும் கலந்தது. சுத்தமாக விற்கவில்லை. ஆக, இது 'முதல்' ஆல்பம் என்றாலும் அதன் அடியில் விலை போகாத ஒரு வருஷம் புதைந்து கிடக்கிறது. ஒன்பது மாதக் கணக்கு அந்த வருஷத்தைச் சேர்க்காதது.

---

மதுரைக் கிடார்:

அண்ணா, அருமை. ஃபிரிப் பக்கத்தை நான் சொல்கிறேன்.

ஃபிரிப்பும் லேக்கும் டார்செட் பக்கத்துப் பையன்கள். இருவருமே டான் ஸ்ட்ரைக் என்ற ஒரே ஆசிரியரிடம் கிடார் கற்றவர்கள். லேக் அடிப்படையில் கிடார்காரர். இந்தக் குழுவுக்காகத்தான் பேஸை எடுத்தார். 'ஸ்கிட்ஸாய்ட் மேன்' பாட்டில் திரும்பத் திரும்ப வரும் ரிஃப்பில் பேஸும் கிடாரும் அப்படி ஒட்டி நடப்பதில் ஒரே பள்ளி வாசனை இருக்கிறது என்று எனக்குத் தோன்றும்.

ஃபிரிப் போர்ன்மத்தில் ஒரு ஹோட்டலில் நடன இசை வாசித்துப் பிழைத்தவர். பீட்டில்ஸின் 'எ டே இன் த லைஃப்', கிடார் கலைஞர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ், ஹங்கேரிய இசையமைப்பாளர் பார்டோக்கின் தந்தி நால்வர் இசை, இவை மூன்றும் தனக்குள் ஒரே குரலாகக் கேட்டன என்பதை அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். என்னைப் பொறுத்தவரை இந்த ஆல்பத்தின் திறவுகோல் அதுதான். ஒருவர் மேற்கத்திய சாஸ்திரிய இசையிலிருந்து கொஞ்சம், ராக்கிலிருந்து கொஞ்சம் என்று எடுத்துக் கலக்கவில்லை. அவருடைய காதுக்கு அவை வெவ்வேறாகவே இருக்கவில்லை.

1969இல் ஒரு லண்டன் கிளப்பில் ஹெண்ட்ரிக்ஸ் இவர்களைக் கேட்டுவிட்டு ஃபிரிப்பிடம் வந்தார். கைகொடுக்கும்போது இடக்கையைக் கேட்டு வாங்கினார், அது இதயத்துக்கு நெருக்கம் என்று. மேடையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து வாசிக்கும் 23 வயதுப் பையனுக்கு அதைவிட வேறென்ன பட்டம் வேண்டும்!

ஆங்கில இசையமைப்பாளர் ஹோல்ஸ்ட்டையும் மறக்க வேண்டாம். 'த பிளானட்ஸ்' தொகுப்பின் 'மார்ஸ்' பகுதியை மேடையில் மெல்லோட்ரான் வைத்து வாசித்துக் கச்சேரியை முடிப்பார்கள். ஹைட் பார்க்கிலும் அப்படித்தான். ஐந்து எண்ணிக்கையில் போகும் அந்தப் போர்த் தாளம் முதல் ஆல்பத்தில் நேரடியாக இல்லை. ஆனால் 'எபிடாஃப்' நடுவில் ஊர்வலம் மாதிரி நகரும் இடத்தில் அதன் நிழல் விழுகிறது.

---

வைகறை:

எல்லோரும் வாத்தியத்தையே பேசுகிறீர்கள். எனக்கு இந்த ஆல்பம் சொற்களால் பிடித்தது. பீட் சின்ஃபீல்ட் மேடையில் ஒரு கருவியும் வாசிக்காதவர். பாடல் எழுதினார், விளக்கொளியை இயக்கினார், குழுவுக்குப் பெயரும் வைத்தார். அப்படிப்பட்டவரை முழு உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டதே அந்தக் காலத்துக்குப் புதுமை.

'ஸ்கிட்ஸாய்ட் மேன்' வியட்நாம் போரைப் பற்றியது. அந்தப் போரில் வீசிய தீக்குண்டான நேப்பாம் பாட்டிலேயே வருகிறது. லேக்கின் குரலைச் சிதைத்து, கரகரவென்று இரும்பில் தேய்த்த மாதிரி கொடுத்தது வெறும் அலங்காரத்துக்காக இல்லை. அந்தச் சொற்களை நல்ல குரலில் பாட முடியாது.

அட்டைப்படம் வரைந்த பாரி காட்பரைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். கணினி நிரல் எழுதும் வேலையில் இருந்தவர், சின்ஃபீல்டின் நண்பர். வெளியே அலறும் அந்தச் சிவந்த முகம், உள்ளே புன்னகைக்கும் இன்னொரு முகம், கிரிம்ஸன் ராஜாவுடையது. முன்பக்கத்தில் குழுவின் பெயரும் இல்லை, ஆல்பத்தின் பெயரும் இல்லை. 1970 பிப்ரவரியில், ஆல்பம் வந்த நான்கே மாதத்தில், மாரடைப்பில் இறந்துவிட்டார். வயது 24. உள்பக்க முகத்தில் வாய் சிரிக்கும், கண் சிரிக்காது. வாயை உள்ளங்கையால் மறைத்துவிட்டுக் கண்களை மட்டும் பாருங்கள். ராஜாவுக்கு என்ன துக்கம் என்று கேட்கத் தோன்றும்.

---

தூரத்து மழை:

இப்போதுதான் மறைத்துப் பார்த்தேன், வைகறை. உடம்பு சிலிர்த்துவிட்டது.

எல்லோருக்கும் நன்றி. ஆனால் ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். 'மூன்சைல்ட்' பாட்டு என்னால் முடியவில்லை. முதல் இரண்டரை நிமிடம் அவ்வளவு அழகு. அப்புறம் பத்து நிமிடம் போல யாரோ அடுத்த அறையில் பாத்திரத்தை மெதுவாக நகர்த்துகிற சத்தம். ஒவ்வொரு முறையும் தாண்டிப் போய்விடுகிறேன்.

---

கருப்புத் தட்டு:

தாண்டுவதில் தப்பே இல்லை. எனக்கும் அதில் மனத்தாங்கல் உண்டு. 44 நிமிட ஆல்பத்தில் பத்து நிமிடத்தை முன்கூட்டி எழுதாத மனோதர்ம வாசிப்புக்குக் கொடுத்தது பெரிய தவறு என்றே நினைக்கிறேன். 2009இல் இசைக்கலைஞர் ஸ்டீவன் வில்சனோடு சேர்ந்து ஃபிரிப் புது மிக்ஸ் செய்தபோது அந்தப் பகுதியை அவரே சில நிமிடம் வெட்டினார். படைத்தவருக்கே நீளம் உறுத்தியிருக்கிறது என்றுதானே பொருள்?

---

புல்லாங்குழல்:

கருப்புத் தட்டு, இதில் நான் உங்களோடு சேர மாட்டேன். 'மூன்சைல்ட்' அதிகாலையில் கேட்க வேண்டியது. அந்தப் பத்து நிமிடத்தில் மூன்று பேர்தான் வாசிக்கிறார்கள்: வைப்ரஃபோனில் மெக்டொனால்ட், கிடாரில் ஃபிரிப், ஜைல்ஸ். எழுதி வைத்தது எதுவும் இல்லை. ஒருவர் ஒரு சுரம் வைக்கிறார், இன்னொருவர் காத்திருந்து பதில் சொல்கிறார். ஒரு இடத்தில் ஃபிரிப் ஒரு பழைய பிராட்வே பாட்டின் வரியைக் கிடாரில் தொட்டுவிட்டுப் போவார். ஹோட்டலில் நடன இசை வாசித்த நாட்கள் அவர் விரலிலிருந்து தானாக வந்து விழுந்திருக்கிறது.

தாக்கம் என்று இந்த இழையில் பெயர் பெயராகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். ஆல்பத்தில் யாருடைய தாக்கமும் இல்லாமல் அவர்கள் மூவரும் ஒருவரையொருவர் மட்டுமே கேட்கும் இடம் இது ஒன்றுதான். இதை வெட்டியது எனக்கு வருத்தம். 1969 நீளத்தையே கேளுங்கள்.

---

டிரம் பித்தன்:

புல்லாங்குழல் கட்சி நான். அதோடு, அந்தப் பத்து நிமிட அமைதி இல்லாவிட்டால் 'கோர்ட்' தொடங்கும்போது அந்த முதல் அடி அப்படி விழாது. தாண்டிப் போகிறவர்களுக்கு அந்த அடி கிடைக்காது.

---

கருப்புத் தட்டு:

அந்த ஒரு வாதத்தை ஒப்புக்கொள்கிறேன். இந்த வாரம் தாண்டாமல் கேட்டுப் பார்க்கிறேன்.

எந்தப் பதிப்பைக் கேட்பது என்றும் ஒரு வார்த்தை. நான் கல்லூரியில் படித்தபோது வாங்கிய சிடி ஒன்றில் எல்லாமே கம்பளிக்குள் பொத்தின மாதிரி இருந்தது. சிம்பல் சத்தமே மேலே வரவில்லை. இந்த இசையே இப்படித்தான் போலிருக்கிறது என்று பல வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன். பிறகுதான் விஷயம் தெரிந்தது. மூல மாஸ்டர் நாடா நெடுங்காலம் கிடைக்கவே இல்லை. பழைய சிடிக்கள் எல்லாம் நகலுக்கு நகல் எடுத்தவை. 2000களின் தொடக்கத்தில் மூல நாடா கிடைத்து, 2004இல் அதிலிருந்து பதிப்பு வந்தது. அதை முதல்முறை போட்ட இரவு 'ஐ டாக் டு த விண்ட்'டில் புல்லாங்குழலுக்குப் பின்னால் ஜைல்ஸின் சிம்பல் மினுக் மினுக்கென்று கேட்டது. இத்தனை வருஷம் இது அங்கேயே இருந்திருக்கிறது! எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

புதிதாகக் கேட்பவர்கள் 2004 அல்லது 2009 பதிப்பில் தொடங்குங்கள்.

---

மதுரைக் கிடார்:

இன்னொரு கேள்வி என் மனதில் ஓடுகிறது. இதே ஐந்து பேர் இரண்டாவது ஆல்பம் போட்டிருந்தால்? போடவில்லை. 1969 கடைசியில் அமெரிக்கப் பயணத்தின்போதே மெக்டொனால்டும் ஜைல்ஸும் விலகும் முடிவைச் சொல்லிவிட்டார்கள். அவர்கள் இருக்கட்டும், வேண்டுமானால் தான் போய்விடுவதாக ஃபிரிப் சொல்லிப் பார்த்தார். நடக்கவில்லை. அடுத்த வருஷம் லேக்கும் போய் எமர்சன், லேக் அண்ட் பாமரைத் தொடங்கினார். மெக்டொனால்ட் பின்னால் ஃபாரினர் குழுவில் போய்ச் சேர்ந்தார். 1970இல் வந்த இரண்டாவது ஆல்பம் முதல் ஆல்பத்தின் அச்சிலேயே வார்த்த மாதிரி இருக்கும். அமைப்பு அதே, ஆனால் ராணுவ பேண்டில் படித்த அந்தக் காது போய்விட்டது. அந்த வித்தியாசத்தைக் கேட்டால் முதல் ஆல்பத்தில் யார் எதைச் சுமந்தார்கள் என்பது தெளிவாகத் தெரியும்.

---

தூரத்து மழை:

நேற்று இரவு 'மூன்சைல்ட்' முழுக்கத் தாண்டாமல் கேட்டேன். விளக்கை அணைத்துவிட்டு, ஹெட்ஃபோனில். ஏழாவது நிமிடம் வாக்கில் பாத்திரச் சத்தம் பேச்சாக மாறியது. பிராட்வே வரி எனக்குப் பிடிபடவில்லை, மறுபடி தேடுவேன். டிரம் பித்தன் சொன்னது அப்படியே நடந்தது. 'கோர்ட்' தொடங்கியதும் நெஞ்சில் வந்து விழுந்தது.

அந்தப் பாட்டு முடிந்துவிட்டது என்று நினைக்கும்போது, அமைதிக்குள் சிம்பல் லேசாகச் சிணுங்க, சின்ன ஆர்கன் ஒன்று அதே மெட்டைத் திருவிழா ராட்டினத்துப் பெட்டி மாதிரி பொம்மைக் குரலில் வாசிக்குமே, அந்த இடம். இத்தனை நாள் அதை ஒரு விளையாட்டு என்று நினைத்திருந்தேன். நேற்று, ஒரு பெரிய மெட்டை எவ்வளவு சிறிய கருவிக்குக் கொடுத்தாலும் தாங்கும் என்று தெரிந்த ஒருவர் செய்த காரியம் என்று பட்டது. அடுத்த நொடி மொத்தக் குழுவும் திரும்பி வந்து பாய்கிறது.

அந்த ஐந்து பேரின் மேடைப் பதிவு ஏதாவது இருக்கிறதா?

---

பழைய ரெக்கார்டு:

இருக்கிறது, தம்பி. 1997இல் 'எபிடாஃப்' என்ற பெயரிலேயே 1969 மேடைப் பதிவுகளைத் தொகுத்து வெளியிட்டார்கள். ஒலித்தரம் முன்னே பின்னே இருக்கும், பொருட்படுத்தாதீர்கள். அதில் சான்ஃபிரான்சிஸ்கோ ஃபில்மோர் வெஸ்ட்டில் டிசம்பர் 14 அன்று வாசித்த 'ஸ்கிட்ஸாய்ட் மேன்' இருக்கிறது. அமெரிக்கத் துணை அதிபர் ஸ்பைரோ ஆக்னியூவுக்குச் சமர்ப்பணம் என்று சொல்லிவிட்டு ஃபிரிப் தொடங்குவார். மெக்டொனால்டும் ஜைல்ஸும் விலகுவது என்று முடிவாகிவிட்டது. பயணத்தின் கடைசி நாட்கள். அந்தத் துண்டு துண்டான இடம் வரும்போது ஜைல்ஸின் கையை மட்டும் கேளுங்கள். ஒரு மௌனம்கூடப் பிசகவில்லை.